பாட்டு முடிந்த பிறகு எப்படி இருக்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு 24 வயது. படிப்பு முடித்து வேலைக்காகப் பெருநகரத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வேலை மோசமில்லை, சம்பளமும் போதும். ஆனால் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஏதோ பெரிதாக நடக்கப்போவது போல உற்சாகமாக இருக்கிறேன். ஞாயிறு மாலை காரணமே இல்லாமல் நெஞ்சு கனக்கிறது. காலையில் கிளம்பும்போது மாட்டும் ஹெட்ஃபோனை, அலுவலக நேரம் போக, தூங்கும்வரை கழற்றுவதில்லை. ரயிலில் மட்டும் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த இரைச்சலில் சத்தத்தை முழுதாகக் கூட்டினால்தான் கேட்கிறது. இரவு பதினொன்றுக்கு விளக்கை அணைத்துவிட்டு அதே ஏழெட்டுச் சோகப் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். சில நாள் அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன். சில நாள் இரண்டு மணி ஆகிவிடுகிறது. நடுவில் விழித்தால் அதே பாட்டு தலைக்குள் ஓடுகிறது. “இதையெல்லாம் கேட்டால் மனசு இன்னும் கெட்டுப்போகும், முதலில் நிறுத்து” என்கிறாள் அக்கா.

இன்னொன்று. அலுவலக விருந்து ஒன்றில் என் முறை வந்தபோது எனக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டைப் போட்டேன். “இன்னுமா இதைக் கேட்கிறாய்?” என்று ஒருவர் சிரித்தார்; எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அதிலிருந்து அவர்கள் கேட்பதையே நானும் கேட்கிறேன். முதலில் நடிப்பாகத்தான் இருந்தது. இப்போது அதில் சில பாட்டுகள் உண்மையிலேயே பிடித்துவிட்டன. வருடக் கடைசியில் செயலி தொகுத்துக் காட்டிய என் பட்டியலை யாருக்கும் தெரியாமல் மறைத்தேன். எது என் ரசனை என்றே தெரியவில்லை. எனக்கு மனச்சோர்வு நோயா? சோகப் பாட்டை நிறுத்த வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

சோகப் பாட்டை நிறுத்த வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றிரவும் நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள், அதைக் குற்ற உணர்ச்சியோடு கேட்க வேண்டியதில்லை. ஆனால் எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், என்ன நிலையில் கேட்கிறீர்கள் என்பதில் சில மாற்றங்கள் தேவை. அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது சோகப் பாட்டுகளைவிட அதுதான் எனக்குக் கவலை தந்தது.

அக்காவின் பயம் நியாயமானது. துக்கத்தில் இருப்பவர் துக்கத்தையே கேட்டால் அது கூடத்தானே செய்யும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் சோக இசையிலிருந்து மனிதர்களுக்குக் கிடைப்பது சோகம் மட்டும் இல்லை. 2014இல் லிலா டாருஃபி, ஸ்டெஃபான் கோயெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள், பல நாடுகளைச் சேர்ந்த 772 பேரிடம் சோக இசை கேட்கும்போது என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். அடிக்கடி வந்த பதில், கடந்துபோன நாட்களின் மேல் வரும் ஏக்கம். அமைதியும் கனிவும்கூட வந்தன. பலர் அதைத் தேடிப் போவது தனிமையிலும் மனம் நொந்திருக்கும் நேரத்திலும்தான். பாட்டில் வரும் பிரிவினால் நம் வாழ்க்கையில் எதுவும் இடிந்துவிடுவதில்லை. நாளை காலை அதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. அதனால் அங்கே பயமில்லாமல் அழ முடிகிறது. நீங்கள் அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் இரவுகளில் நடப்பது இதுதான். அது உங்களுக்கு நல்லதைத்தான் செய்கிறது.

இரண்டு மணி வரை இழுக்கும் இரவுகள் வேறு வகை. அங்கே அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது.

பின்லாந்தின் சுவி சாரிகல்லியோ இளம் வயதினர் இசையால் மனநிலையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருபவர். அவரும் நார்வே, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரு ஆய்வாளர்களும் சேர்ந்து 2015இல் பதின்பருவத்தினருக்காக 13 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஒருவர் இசையைப் பயன்படுத்தும் விதம் அவருக்கு ஆரோக்கியமானதா, இல்லையா என்று பார்க்கத்தான் அது. எந்த வகைப் பாட்டு கேட்கிறாய் என்ற கேள்வியே அதில் கிடையாது. சோகமா, ஆட்டமா, பழையதா, புதியதா என்பதை அது பொருட்படுத்துவதில்லை. பாட்டு கேட்ட பிறகு மனம் லேசாகிறதா, நண்பர்களோடு சேர இசை உதவுகிறதா என்பவை ஒரு பக்கம். கெட்ட நினைவுகளில் மாட்டிக்கொள்கிறாயா, அந்த நினைவுகளைக் கிளறும் பாட்டை நிறுத்த முடியாமல் போகிறதா, மனம் தேறக் கேட்கப்போய் இன்னும் மோசமாகிறதா, யாருக்கும் என்னைப் புரியாது என்று இசைக்குள் ஒளிந்துகொள்கிறாயா என்பவை இன்னொரு பக்கம். இரண்டாம் பக்கத்தில் அதிகம் ‘ஆம்’ சொல்பவர்களிடம் மனச்சோர்வும் அதிகம் தென்படுகிறது. எது எதற்குக் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சோர்ந்த மனம் அப்படிப்பட்ட கேட்டலைத் தேடிப் போகலாம். அந்தக் கேட்டல் சோர்வைக் கூட்டலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

ஆகவே ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். இரவில் பாட்டைத் தொடங்கும் முன் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகு இன்னொரு வரி. எந்தப் பாட்டு என்பதைவிட, அது ஓடிக்கொண்டிருந்தபோது மனத்தில் ஓடியது என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பாட்டோடு போனீர்களா, அல்லது பாட்டைப் பின்னணியில் விட்டுவிட்டு “அன்றைக்கு நான் ஏன் அப்படிப் பேசினேன், அவர்கள் ஏன் சிரித்தார்கள், எனக்கு மட்டும் ஏன் இப்படி” என்று ஒரே வட்டத்தில் சுற்றினீர்களா? நன்றாகத் தூங்கிய இரவுக்கும் தூங்காத இரவுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சுற்றிச் சுற்றி ஒன்றையே நினைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சோக இசை ஆறுதல் தருவதுபோலத் தோன்றும். ஆனால் கேட்டு முடித்த பிறகு அவர்கள் மனநிலை இறங்கியிருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்பவருக்கே அது தெரியாமல் போவதுண்டு. எழுதிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இப்போது அந்த ஏழெட்டுப் பாட்டுகள். அவற்றை வரிசை இல்லாமல் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறீர்கள். அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. தூக்கம் வந்து நிறுத்த வேண்டும், அல்லது களைப்பு வந்து நிறுத்த வேண்டும். இசைச் சிகிச்சையில் 1940களிலிருந்து இருக்கும் ஒரு முறை உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் முன்வைத்தது அது. துவண்டிருப்பவருக்கு எடுத்த எடுப்பில் குதூகலமான இசையைக் கொடுத்தால் அது ஒட்டாது. முதலில் அவர் இருக்கும் மனநிலைக்கே பொருந்தும் இசையைக் கொடுத்து, பிறகு படிப்படியாக மாற்ற வேண்டும் என்பது அதன் அடிப்படை. நீங்களே செய்துகொள்ளலாம். உங்கள் சோகப் பாட்டுகளிலேயே மிகக் கனமான இரண்டை முதலில் வையுங்கள். அடுத்து, சோகம்தான், ஆனால் தாளம் சற்று நிமிர்ந்த ஒன்று. அதற்கடுத்து சொல் குறைந்த ஒன்று. கடைசியில் கேட்டால் மனம் சமநிலைக்கு வரும் ஒன்று. அது சந்தோஷப் பாட்டாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மொத்தம் அரை மணி. திரும்ப ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். பட்டியல் முடிந்தால் முடிந்ததுதான்.

இதைப் படுக்கையில் கிடந்தபடி இருட்டில் செய்யாதீர்கள். உட்கார்ந்தோ, நடந்தோ, துணி மடித்துக்கொண்டோ, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கேட்டு முடித்துவிடுங்கள். நள்ளிரவில் தலைக்குள் ஓடும் அந்தப் பாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. மைக்கேல் ஸ்கல்லினும் அவருடைய சகாக்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இசை அதிகம் கேட்பவர்களுக்கு இரவில் பாட்டு மனத்துக்குள் ஒட்டிக்கொண்டு ஓடுவது அதிகமாகவும், தூக்கம் மோசமாகவும் இருந்தது. இன்னொன்றும் அவர்கள் கண்டார்கள்: நன்கு தெரிந்த பாட்டுகளின் சொல் இல்லாத, வாத்தியம் மட்டும் உள்ள வடிவங்கள்தான் இன்னும் அதிகமாக ஒட்டிக்கொண்டன. தூங்குவதற்கு நல்லது என்று பலர் அதைத்தான் போடுகிறார்கள். சொல் குறைந்த பாட்டை வையுங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமான மெட்டாக இருக்க வேண்டாம்.

ஞாயிறு மாலைக் கனத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமையை நினைத்து வரும் கலக்கம் அதில் ஒரு பாதி என்பது உங்களுக்கே தெரியும். மறு பாதி உங்கள் உடலில் இருக்கிறது. மனித உடலின் தூக்கக் கடிகாரம் பதின்வயதில் பின்னால் தள்ளிக்கொண்டே போய், 20 வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகுதான் மெல்ல முன்னால் திரும்புகிறது. டில் ரோனபெர்க் குழுவினர் 2004இல் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானவர்களிடம் திரட்டிய தகவலில் இது தெளிவாகத் தெரிந்தது. அதாவது 24 வயதில் இரவு பதினொன்றுக்குத் தூக்கம் வராமல் இருப்பது ஒழுக்கக் குறைவு இல்லை. ஆனால் சனி, ஞாயிறுகளில் நீங்கள் பதினொரு மணி வரை தூங்கினால், உடல் வேறு நேர மண்டலத்துக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு திரும்பிவர வேண்டியிருக்கிறது. அன்றிரவு தூக்கம் வராது; வராத தூக்கத்தில்தான் பாட்டும் பழைய நினைவும் வந்து உட்காரும். உங்கள் மோசமான இரவுகளில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று அந்த ஒரு வாரக் குறிப்பை மாதம் முழுக்க நீட்டிப் பாருங்கள். விடுமுறை நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் மட்டும் கூடுதலாகத் தூங்கி, எழுந்ததும் வெளிச்சத்தில் நடந்துவிட்டு வந்தால் சில வாரங்களிலேயே மாற்றம் தெரியும். ஞாயிறு மாலையை வெறுமையாக விடாதீர்கள். அக்கா உதவத் தயாராக இருக்கிறார் அல்லவா? பாட்டைப் பற்றிய அறிவுரைக்குப் பதிலாக, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு என்னை அழைத்து ஊர்க்கதை பேசு என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்காத விஷயம் இதுதான். இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்களோடு பேசும் மனிதர்கள் எத்தனை பேர் என்று தேடினேன். தொலைபேசியில் அக்கா. விருந்தில் சிரித்தவர்கள். வேறு யாரும் இல்லை. ஒன்றரை வருடத்தில் ஒரு நண்பரைப் பற்றி ஒரு வரி இல்லை. காலையிலிருந்து இரவு வரை காதில் ஒரு கதவைச் சாத்திவைத்திருக்கிறீர்கள்.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெருநகரத்தில் தனக்கென்று ஒரு சதுர அடிகூடக் கிடைக்காத நேரங்கள் உண்டு. நெரிசலான ரயிலில், முகம் தெரியாதவர்களோடு உடல் உரசி நிற்கும்போது, இசை ஒரு தனி அறையைக் கட்டித் தருகிறது. 1979இல் வாக்மேன் வந்த நாளிலிருந்து நகரவாசிகள் இதைச் செய்கிறார்கள். அது நல்ல தற்காப்பு. ஆனால் ரயிலுக்காகக் கட்டிய அறையை நீங்கள் வீடு வரை சுமந்துகொண்டு போகிறீர்கள். உங்களோடு அறையைப் பகிர்பவரோ, அடுத்த வீட்டுக்காரரோ, தினமும் அதே நேரத்தில் அதே நடைமேடையில் நிற்பவரோ உங்களிடம் ஒரு வார்த்தை பேச நினைத்தால் எப்போது பேசுவார்கள்? உங்கள் காதைப் பார்த்தே விலகிப் போயிருப்பார்கள்.

நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் சிகாகோவில் ரயில் பயணிகளிடம் நடத்திய பரிசோதனை ஒன்று 2014இல் வெளியானது. பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னால் பயணம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, தனியாகப் போவதைவிட மோசமாக இருக்கும் என்று பயணிகள் கணித்தார்கள். உண்மையில் பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்களின் பயணம்தான் இனிமையாக இருந்தது. தினமும் முன்பின் தெரியாதவரோடு பேசுங்கள் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. எல்லா ஊரிலும், எல்லோருக்கும், எல்லா நேரத்திலும் அது பாதுகாப்பாகவோ இயல்பாகவோ இருக்காது. ஆனால் அந்தக் கணிப்புப் பிழையைக் கவனியுங்கள். “பேசினால் சங்கடமாகிவிடும், சிரிப்பார்கள்” என்று முன்கூட்டியே முடிவு செய்யும் மனத்தின் கணக்கு பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது. அலுவலகத்திலிருந்து திரும்பும்போது வீட்டுத் தெருவில் நுழைந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் முதல் ஒரு மணி நேரம் காது வெறுமையாக இருக்கட்டும். சில நாட்கள் அந்த அமைதி தாங்க முடியாததாக இருக்கும். எதைக் கேட்காமல் இருக்க இவ்வளவு பாட்டு தேவைப்பட்டது என்பது அப்போதுதான் தெரியவரும். அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ரயில் இரைச்சலை மீறிக் கேட்கும்படி முழுதாகக் கூட்டினால், உங்கள் வாரக் கணக்கு செவ்வாய்க்கிழமையோடு தீர்ந்துவிடும். போன செவித்திறன் திரும்பி வராது. வெளிச் சத்தத்தைத் தடுக்கும் ஹெட்ஃபோன் வாங்கிக்கொண்டு ஒலியைக் குறையுங்கள். கேட்டு முடித்த பிறகு காதில் ரீங்காரம் இருந்து, அது மறுநாளும் நீடித்தால் காது மருத்துவரைப் பாருங்கள்.

சரி, அந்தச் சிரிப்பு. ஒரு பாட்டுக்குச் சிரித்ததற்கா இவ்வளவு காயம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காயம் நியாயமானது. பீட்டர் ரென்ட்ஃப்ரோ, சாம் காஸ்லிங் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத கல்லூரி மாணவர்களை ஜோடி சேர்த்து, ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளும்படி ஆறு வாரம் இணையத்தில் பேசவிட்டார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். அவர்கள் அதிகம் பேசியது இசையைப் பற்றி. பிடித்த பாட்டைச் சொல்வது இளம் வயதில் “நான் யார் தெரியுமா” என்று சொல்லும் வழி. நீங்கள் அன்று பாட்டைப் போட்டபோது அதைத்தான் சொன்னீர்கள். புது ஊரில், புது மனிதர்களிடம், ஒருவேளை முதன்முறையாக. அதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. பிறகு நீங்கள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

சிரித்தவர்களுக்கு அது நினைவில்கூட இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒருவர் சிரித்தால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வது, பெரும்பாலும் அடுத்த சிரிப்பு தன் மேல் திரும்பாமல் இருக்கத்தான். அந்த அறையில் இருந்தவர்களில் இன்னும் சிலராவது தங்கள் பட்டியலை மறைத்துத்தான் வைத்திருப்பார்கள். இது என் ஊகம். ஆனால் என்னிடம் ஆலோசனைக்கு வரும் இளம் வயதினரிடம் என்ன கேட்கிறீர்கள் என்று விசாரிக்கும்போது “யாரிடமும் சொல்லமாட்டீர்கள்தானே” என்ற முன்னுரையோடு வரும் பதில்களைக் கேட்டுக் கேட்டு வந்த ஊகம்.

எது என் ரசனை என்ற உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதை நோயின் அறிகுறியாக நினைக்காதீர்கள். ஒரு மெட்டைப் பலமுறை கேட்டால் பிடித்துப்போவது இயல்பு. பழக்கமே விருப்பத்தை வளர்க்கும் என்று ராபர்ட் ஸாயோன்க் 1968இலேயே காட்டியிருக்கிறார். சுற்றியிருப்பவர்களின் பங்கும் பெரியது. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாட்டுகள், 14,000க்கும் அதிகமான இளம் கேட்பவர்கள். சிலருக்குப் பாட்டு மட்டும் காட்டப்பட்டது. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதும் காட்டப்பட்டது. ஓர் உலகத்தில் மேலே போன பாட்டு இன்னோர் உலகத்தில் கீழே கிடந்தது. மிக நல்லவை பொதுவாக அடியில் போகவில்லை, மிக மோசமானவை பொதுவாக மேலே வரவில்லை. இடையில் இருந்தவற்றின் தலைவிதியைப் பக்கத்தில் இருந்தவர்களின் விருப்பமே பெரிதும் எழுதியது.

ஆகவே “அவர்களைப் பார்த்து வந்த ரசனை பொய், முன்பு கேட்டது மட்டும் உண்மை” என்று பிரிக்க முடியாது. முன்பு பிடித்தவையும் யாரையோ பார்த்து வந்தவைதான். வீட்டில் யாரோ போட்டது, பள்ளித் தோழன் திரும்பத் திரும்பக் கேட்டது, பேருந்தில் வேறு வழியில்லாமல் காதில் விழுந்தது. நடிப்பாகத் தொடங்கியிருந்தாலும், இன்று யாரும் பார்க்காத நேரத்திலும் நீங்கள் தேடிப் போட்டுக் கேட்கும் பாட்டு உங்களுடையது. பழையதும் உங்களுடையது. ஒன்றைச் சேர்க்க இன்னொன்றைக் கைவிட வேண்டிய அவசியம் எங்கேயும் இல்லை. உங்கள் விஷயத்தில் தவறிப்போனது ஒன்றுதான்: புதியதை ஊரறியக் கேட்கிறீர்கள், பழையதை இருட்டில் கேட்கிறீர்கள். அதனால் பழைய பாட்டோடு வெட்கமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. பகலில் கேளுங்கள். சமைக்கும்போது, ஸ்பீக்கரில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது கேளுங்கள்.

செயலியின் வருடக் கடைசிப் பட்டியலுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்காதீர்கள். அது எண்ணுவது எத்தனை முறை ஓடியது என்பதை மட்டும். தூங்கும்வரை ஓடவிட்ட ஏழெட்டுப் பாட்டுகள் அதில் முதலிடம் பிடிக்கும். நீங்கள் ஒரே ஒருமுறை கேட்டுச் சிலிர்த்துப்போன பாட்டு அதில் வராது. அடுத்து என்ன கேட்கலாம் என்று பரிந்துரைக்கும்போதும் நீங்கள் கேட்டவற்றை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இரவுப் பாட்டுகள் பகலுக்கான பரிந்துரையையும் சோகமாக்கிவிடும். பதிவு செய்யாமல் கேட்கும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. அந்த அரை மணிப் பட்டியலுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

பகிர்வதை ஒரே ஒருவரிடமிருந்து தொடங்குங்கள். கூட்டத்தில் மீண்டும் போட்டுக் காட்டும் வீரம் தேவையில்லை. அன்று சிரித்தவர்களிலேயே மெதுவாகச் சிரித்தவர் ஒருவர் இருப்பார். அல்லது உங்கள் அறையில் இருப்பவர். “நீங்கள் பள்ளி நாட்களில் என்ன கேட்பீர்கள்?” என்று கேளுங்கள். முதலில் அவர்கள் சொல்லட்டும், பிறகு நீங்கள் உங்கள் பாட்டைச் சொல்லுங்கள். அதோடு, குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து பாடும் குழு ஏதாவது உங்கள் நகரத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். பெருநகரத்தில் இருக்கும் பெரிய வசதி, எந்த விருப்பத்துக்கும் நான்கு பேர் கிடைப்பார்கள். ஐலுன்ட் பியர்ஸ், ராபின் டன்பார் முதலியோர் பிரிட்டனில் புதிதாகத் தொடங்கிய வகுப்புகளை ஏழு மாதம் பின்தொடர்ந்தார்கள்: பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு. கடைசியில் எல்லா வகுப்பினரும் ஒருவருக்கொருவர் நெருக்கமாகிவிட்டார்கள். ஆனால் முதல் மாதத்திலேயே நெருங்கியவர்கள் சேர்ந்து பாடியவர்கள். அந்நியர்களோடு பழகத் தயங்கும் உங்களைப் போன்ற ஒருவருக்கு முதல் மாதம்தான் கடினமானது. பாடப் பிடிக்காவிட்டால் கைவினையோ எழுத்தோ விளையாட்டோ போதும், வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், அதே முகங்கள் என்று இருந்தால் சரி.

எனக்கு மனச்சோர்வு நோயா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கடிதத்தை வைத்து யாராலும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உங்கள் எழுத்தில் எனக்கு நம்பிக்கை தருபவை உண்டு: வெள்ளிக்கிழமை உற்சாகம் இன்னும் வருகிறது, பாட்டு இன்னும் உங்களை அழவைக்கிறது, புதுப் பாட்டு பிடித்துப்போகிறது. மனச்சோர்வு நோயில் பலருக்கு முதலில் போவது இந்த ருசிதான். பிடித்த பாட்டைப் போட்டாலும் உள்ளே எதுவும் அசையாது. பிறகு போடவே தோன்றாது.

மருத்துவர்கள் பார்ப்பது இதை: நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், குறைந்தது இரண்டு வாரம் தொடர்ந்து மனம் துவண்டிருக்கிறதா, அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போய்விட்டதா. அதோடு தூக்கம், பசி, களைப்பு, கவனம் ஆகியவற்றில் மாற்றம், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், அன்றாட வேலைகள் நின்றுபோவது. இப்படி இருந்தால் நான் மேலே சொன்ன பாட்டு வரிசையெல்லாம் போதாது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் வழக்கமான பொது மருத்துவரிடமிருந்தே தொடங்கலாம். இது குணப்படுத்தக்கூடியது, பேச்சுச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் பலருக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. வாழ்ந்து என்ன பயன், இல்லாமல் போய்விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் வாரக் குறிப்பெல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே அக்காவிடமோ அறையில் இருப்பவரிடமோ வாய்விட்டுச் சொல்லி, உடனே மருத்துவமனைக்கோ நெருக்கடி உதவி எண்ணுக்கோ போங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பை எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், எந்த நாள் மோசம், பாட்டுக்கு முன் எப்படி, பின் எப்படி என்பது அவருக்கு மிகவும் உதவும். பாட்டைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதா என்று தயங்க வேண்டாம். அவர் அதைக் கேட்காமல் விட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.